நடுநிலைப் பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்கு: கம்பம் பள்ளத்தாக்குத் தாய் ஒருவருக்கு விரிவான பதில்

கேள்வி இதுதான். தேனி மாவட்டத்தில் கம்பத்துக்கு அருகில் ஒரு சிற்றூரில் இருக்கும் தாய்க்கு இரண்டு பிள்ளைகள். மகள் உள்ளூர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். மகன் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் தந்தையோடும் பாட்டியோடும் மலையில் தங்கி, கேரள அரசின் தமிழ்வழிப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கிறான். இந்தப் பள்ளிகள் பிள்ளைகளை உயர்நிலை வகுப்புகளுக்கு உண்மையிலேயே ஆயத்தப்படுத்துகின்றனவா, அல்லது கடன் வாங்கியாவது இருவரையும் தனியார் பள்ளியில் சேர்த்துவிட வேண்டுமா என்று அவர் கேட்கிறார்.

நான் கணிதப் பட்டதாரி ஆசிரியராக 19 ஆண்டுகள் நடுநிலைப் பள்ளியில் பணியாற்றினேன். பிறகு அலகு விட்டு அலகு மாறுதல் (ஒரு கல்வி இயக்ககத்திலிருந்து மற்றோர் இயக்ககத்துக்கு மாறுதல்) பெற்று, ஓய்வு பெறும் வரை உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கணிதம் எடுத்தேன். ஆகவே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வழியனுப்பிய அனுபவமும், அப்படி வந்தவர்களை ஒன்பதாம் வகுப்பில் வரவேற்ற அனுபவமும் எனக்கு உண்டு. வழியனுப்பியபோது என் பிள்ளைகள் நன்றாகத் தயாராகிவிட்டார்கள் என்றுதான் நம்பினேன். வரவேற்கும் இடத்துக்குப் போன முதல் ஜூன் மாதத்திலேயே அந்த நம்பிக்கையில் பாதி போய்விட்டது. ஆனால் மீதிப் பாதி இன்றும் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த மீதிப் பாதியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பெற்றோர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. நம் பள்ளத்தாக்கில் விடியற்காலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மலைக்கு வேலைக்குப் போகும் தாய்மார் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும். ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் மாதங்களில், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் சோறு வடிக்கவும் ஏழாம், எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் வீட்டில் நின்றுவிடுவார்கள். நடுநிலைப் பள்ளியில் ஒரு வகுப்பில் 20 அல்லது 25 பிள்ளைகள் இருந்தால் அதிகம். மூன்று நாள் ஒரு பிள்ளை வரவில்லையென்றால் அது ஆசிரியரின் கண்ணில் படும், நான்காம் நாள் அவர் தெருவுக்கு வந்து கேட்பார். ஒன்றாம் வகுப்பிலிருந்து அதே வளாகத்தில் வளர்ந்த பிள்ளையின் வீட்டு நிலைமை, கண்பார்வைக் குறை, திக்குவாய், தந்தையின் குடி என எல்லாமும் அங்குள்ள ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பெண் பிள்ளை எட்டாம் வகுப்பு வரை தொடர்ந்து பள்ளிக்கு வந்ததே ஒன்பதாம் வகுப்புக்கான முதல் தகுதி. அதை நம் நடுநிலைப் பள்ளிகள் எவ்வளவோ ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் செய்து வருகின்றன. மதிப்பெண் பட்டியலில் இதற்கு இடம் கிடையாது.

இனிப் போய்விட்ட பாதி. ஒன்பதாம் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் முதல் வாரத்தில் கரும்பலகையில் மூன்று கணக்குகளை எழுதிப் போடுவேன். 845ஐ 7 ஆல் வகுக்க வேண்டும், முக்காலோடு மூன்றில் இரண்டைக் கூட்ட வேண்டும், கழித்தல் ஏழிலிருந்து கழித்தல் மூன்றைக் கழிக்க வேண்டும். முதல் கணக்குக்கு விடை ஈவு 120, மீதி 5. கணிசமான பிள்ளைகள் ஈவு 12 என்று எழுதுவார்கள், ஏனென்றால் கடைசி இலக்கமான 5 ஏழுக்குள் அடங்காதபோது ஈவில் பூச்சியம் போட வேண்டும் என்பது அவர்களுக்குப் பழகியிருக்காது. இரண்டாவது கணக்குக்கு மேலே மேலும் கீழே கீழும் கூட்டி ஏழில் ஐந்து என்று எழுதுவார்கள். இவர்கள் யாரும் மந்தமானவர்கள் அல்லர். அதே பிள்ளைகள் சந்தையில் சில்லறையை நொடியில் கணக்குப் பார்ப்பார்கள்.

இந்தப் பூச்சியத்தை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தில் கண மொழி முடிந்ததும் வருவது மெய்யெண்கள் பாடம். ஒரு பின்னத்தைத் தசமமாக விரித்தால் அது முடிவுறுமா, சுழல் தன்மை உடையதா என்று அங்கே பார்க்க வேண்டும். பதின்மூன்றில் ஒன்றை விரித்தால் 0.076923 என்று வந்து, அந்த ஆறு இலக்கங்களும் மீண்டும் மீண்டும் சுழலும். புள்ளிக்கு அடுத்த அந்தப் பூச்சியத்தை விட்டுவிடும் பிள்ளைக்குப் பாடமே தலைகீழாகிவிடும். அடுத்து இயற்கணிதத்தில் பல்லுறுப்புக் கோவையைப் பல்லுறுப்புக் கோவையால் வகுக்கும் முறை வரும். அது நான்காம் வகுப்பில் கற்ற நீள் வகுத்தலின் அதே சட்டகம்தான், எண்களுக்குப் பதிலாக எழுத்துகள் நிற்கின்றன, அவ்வளவே. சட்டகமே கையில் இல்லாதவருக்கு அது மந்திரம் போலத்தான் தோன்றும். ஆகஸ்டு மாதம் 'கணக்கு எனக்கு வராது' என்ற முடிவுக்குப் பிள்ளை வந்துவிடும், பிறகு அதை மாற்றுவது கடினம். பிள்ளைகள் இடறுவது ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில்தான் என்றாலும், தடுக்கிவிட்ட கல் நான்காம், ஐந்தாம் வகுப்பிலேயே கிடந்தது. ஆறு முதல் எட்டு வரையிலான மூன்று ஆண்டுகளில் யாரும் குனிந்து அதை எடுத்துப் போடவில்லை. 19 ஆண்டுகள் அந்த வகுப்புகளில் நின்றவன் என்ற முறையில், எடுத்துப் போடாதவர்களில் நானும் ஒருவன். ஆறாம் வகுப்புப் பாடத்தை முடிப்பதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன்.

மொழியிலும் இதுபோல ஒன்று உண்டு, ஆனால் அது கணக்கைப் போல வெளியே தெரியாது. நம் பிள்ளைகள் தமிழை நன்றாகப் பேசுவார்கள், எழுத்துக் கூட்டாமல் வாசிக்கவும் செய்வார்கள். ஒரு பக்க அளவுள்ள பாடத்தைத் தாமாகவே வாசித்து, அதில் என்ன சொல்லியிருக்கிறது என்பதைத் தம் சொற்களில் பத்து வரி எழுதச் சொன்னால்தான் கை நின்றுவிடும். நடுநிலை வகுப்புகளில் பெரும்பாலும் கரும்பலகையில் உள்ள விடையைப் பார்த்து எழுதுவதும், கைடைப் பார்த்து எழுதுவதும், கோடிட்ட இடத்தை நிரப்புவதும்தான் எழுத்து வேலை. ஆறாம், ஏழாம் வகுப்புகளில் பருவத்துக்கு ஒரு புத்தகம், அந்தப் பருவம் முடிந்தால் அந்தப் பாடம் திரும்ப வராது. பருவத்தின் நடுவே வகுப்பில் நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் பிரிந்து கிடக்கும். இந்த முறை பிள்ளையின் சுமையைக் குறைக்க வந்தது, குறைக்கவும் செய்தது. ஆனால் ஒரு முழு ஆண்டுப் பாடத்தை நினைவில் வைத்து மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதும் பழக்கம் அதிலிருந்து தானாக வந்துவிடாது. ஒன்பதாம் வகுப்பில் சமூக அறிவியல் புத்தகத்தைக் கையில் வாங்கியதும் அதன் கனத்தைப் பார்த்தே மிரளும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

இதற்குக் காரணம் ஆசிரியர்கள் வேலை செய்யாததுதான் என்று ஊரில் சொல்வார்கள். அப்படிச் சிலர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் நன்றாக வேலை செய்தாலும் நீங்காத ஒரு குறை அமைப்பிலேயே இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 35 மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்றும், அறிவியலுக்கும் கணிதத்துக்கும் சேர்த்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிப் பாடங்களுக்கு ஒருவர் என்றும் குறைந்தபட்ச அளவை வைத்திருக்கிறது. அந்தக் குறைந்தபட்சமே சிற்றூர்ப் பள்ளிகளில் அதிகபட்சமாக நின்றுவிட்டது. விலங்கியல் படித்தவர் கணக்கு எடுப்பார், கணிதம் படித்தவர் தவளையின் இதயத்தை விளக்குவார், தமிழ் படித்தவரே ஆங்கிலத்தையும் பார்த்துக்கொள்வார். நான் வேதியியல் எடுத்த ஆண்டுகளில் ஒரு நாளும் நிம்மதியாக வகுப்புக்குள் போனதில்லை. தமிழ்வழி, ஆங்கிலவழி என்று பலகை இரண்டாக இருந்தாலும் ஒரே அறையில் ஒரே ஆசிரியர் இரண்டையும் நடத்தும் பள்ளிகளும் உண்டு. ஆகவே ஆங்கிலவழி என்ற பெயரை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

இதைவிட ஆழமான குறை இன்னொன்று. தமிழ்நாட்டில் நடுநிலைப் பள்ளி தொடக்கக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருகிறது, அதைப் பார்வையிடுபவர் வட்டாரக் கல்வி அலுவலர். உயர்நிலைப் பள்ளி பள்ளிக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருகிறது, அதன் அலுவலர்கள் வேறு, கூட்டங்கள் வேறு, பயிற்சிகள் வேறு. எட்டாம் வகுப்பு ஆசிரியரும் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியரும் ஒரே ஊரில் ஒரே தேநீர்க் கடையில் நின்றாலும், பணியின் பொருட்டு ஒரே மேசையில் உட்காரும் வாய்ப்பு அமைவதே இல்லை. என் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் எங்கே தடுமாறினார்கள் என்று 19 ஆண்டுகளில் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் போய்க் கேட்டதில்லை. பிள்ளையோடு போவது ஒரு மாற்றுச் சான்றிதழ். அதில் பிறந்த தேதி இருக்கும், அங்க அடையாளம் இருக்கும், நன்னடத்தை பற்றி ஒரு சொல் இருக்கும். வகுத்தல் தெரியுமா, ஒரு பக்கத்தை வாசித்துச் சொல்வாளா, எந்த மாதங்களில் பள்ளிக்கு வரமாட்டாள் என்பதற்கெல்லாம் அதில் கட்டம் இல்லை. எட்டு ஆண்டுகளாக ஒரு பிள்ளையைப் பற்றிச் சேர்ந்த அறிவு முழுவதும் அந்த ஒரு தாளோடு அற்றுப்போகிறது. நம் நடுநிலைப் பள்ளிகளின் உண்மையான பலவீனம் இந்த இணைப்பில் இருக்கிறது என்பது என் கருத்து.

எட்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் தேர்ச்சி போடுவதால்தான் இப்படி ஆகிறது என்று பலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு செய்த திருத்தத்துக்குப் பிறகு ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று தமிழ்நாடு அறிவித்து, 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. அது கைவிடப்பட்டபோது நான் நிம்மதி அடைந்தேன். காய் எடுப்புக் காலத்தில் விடுப்பு எடுத்த பெண்ணை எட்டாம் வகுப்பில் நிறுத்தி வைத்தால், அவள் மறு ஆண்டு பள்ளிக்கு வரமாட்டாள், தாயோடு ஜீப்பில்தான் ஏறுவாள். தேர்ச்சி போடுவதில் குற்றமில்லை, எதில் தேறவில்லை என்பதைக் கண்டு அதைச் சரிசெய்யாமல் போடுவதுதான் குற்றம். 2025-26 கல்வியாண்டில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றில் அடிப்படைத் திறனைச் சோதித்து, பின்தங்கியவர்களுக்குத் தனிப் பயிற்சி தரும் 'திறன்' திட்டத்தை அரசு தொடங்கியிருக்கிறது. அதில் ஒன்பதாம் வகுப்பையும் சேர்த்திருப்பதே நான் மேலே சொன்னதை அரசும் ஒருவாறு ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. உங்கள் மகளின் பள்ளியில் அவள் அந்தப் பட்டியலில் இருந்தாளா என்று கேளுங்கள். இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாடு முழுவதும் ஊரகப் பகுதிகளில் 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களிடம் 2023இல் நடத்தப்பட்ட 'அசர்' (ASER) கல்வி நிலை ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒருவரால் இரண்டாம் வகுப்பு நிலைப் பத்தியைத் தம் மொழியில் தடையின்றி வாசிக்க முடியவில்லை. மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் சரியாக வகுத்தவர்கள் 43 விழுக்காடு மட்டுமே.

ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை சந்திக்கும் மாற்றம் பாடத்தில் மட்டும் வருவதில்லை. 20 பேர் இருந்த அறையிலிருந்து 50, 60 பேர் இருக்கும் பிரிவுக்குப் போகிறாள். மணி அடிக்க அடிக்க ஆசிரியர் மாறுகிறார், யாருக்கும் அவள் பெயர் உடனே பிடிபடுவதில்லை. ஆறாம் வகுப்பிலிருந்தே அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் முன் வரிசையில் ஏற்கெனவே இடம் பிடித்திருப்பார்கள், எங்கிருந்தோ வந்த நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் பின் வரிசைக்குப் போவார்கள். பேருந்துக்கு நிற்க வேண்டும், பேருந்து தவறினால் முதல் பாட வேளை போய்விடும், அந்த முதல் வேளை கணக்காக இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். சட்டமும் இந்த இடத்தில் கைவிடுகிறது. கட்டாயக் கல்வி உரிமை 14 வயது அல்லது எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். அதன் பிறகு பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடி வர வேண்டிய சட்டக் கடமை அந்த அளவுக்கு யாருக்கும் இல்லை. கட்டணம் இல்லை என்பது பன்னிரண்டாம் வகுப்பு வரை தொடர்கிறது என்றாலும், கூப்பிட்டு உட்கார வைக்கும் கை தளர்ந்துவிடுகிறது.

தனியார் பள்ளி பற்றிக் கேட்டீர்கள். ஒன்பதாம் வகுப்பில் மகளை மெட்ரிக் பள்ளிக்கு மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், பணத்தை மட்டும் எண்ணிச் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடும் பழக்கம் பல தனியார் பள்ளிகளில் உண்டு. நான்காம் வகுப்பு வகுத்தலைச் சரிசெய்ய வேண்டிய பிள்ளைக்கு அது ஒரு மாடியைத் தாண்டிக் குதிக்கச் சொல்வதாகும். இழப்பதும் நிறைய. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வில் அவள் தேறியிருந்தால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும், ஆனால் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ தொடர்ந்து படித்தால் மட்டுமே. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அதே ஆறு முதல் பன்னிரண்டு என்ற கணக்கைத்தான் பார்க்கிறது. மூன்று ஆண்டுகள் ஏற்கெனவே அவள் கணக்கில் சேர்ந்திருக்கின்றன, அவற்றை ஒன்பதாம் வகுப்பில் தூக்கி எறிய வேண்டாம்.

மகளுக்குச் செய்ய வேண்டியது இதுதான். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு மாலை நேரத்தில் அந்த மூன்று கணக்குகளையும் கொடுத்துப் பாருங்கள். உங்களுக்குக் கணக்கு வராது என்று தயங்க வேண்டாம், விடைகளைச் சொல்லிவிடுகிறேன்: ஈவு 120 மீதி 5, பன்னிரண்டில் பதினேழு, கழித்தல் நான்கு. பிறகு எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் அவள் விரும்பும் ஒரு பக்கத்தை உரக்க வாசிக்கச் சொல்லி, புத்தகத்தை மூடச் செய்து, நீங்கள் அடுப்படியில் வேலை பார்த்துக்கொண்டே 'அதில் என்ன போட்டிருக்கு, சொல்லு பார்ப்போம்' என்று கேளுங்கள். சொன்னதையே எழுதச் சொல்லுங்கள். கோடை விடுமுறையில் நாளொன்றுக்கு ஐந்து வகுத்தல் கணக்கும், பின்னத்தில் மூன்றும், ஒரு பக்க வாசிப்பும் போதும். ஒன்பதாம் வகுப்புக் கைடை ஏப்ரலிலேயே வாங்கிப் படிக்க வைப்பது வீண், பயத்தைத்தான் வளர்க்கும். நீங்களும் மலைக்கு வேலைக்குப் போவதாக இருந்தால், எட்டாம் வகுப்பு ஆசிரியரிடமே கேளுங்கள். மே மாதத்தில் வாரம் இரண்டு நாள் அரை மணி நேரம் பார்க்க மறுக்கும் ஆசிரியர் குறைவு, ஏனெனில் அவருக்கு உங்கள் மகளைத் தெரியும்.

உயர்நிலைப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். ஒன்பதாம் வகுப்புக்குக் கணித ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா, மாலையில் ஊருக்குத் திரும்பப் பேருந்து எத்தனை மணிக்கு என்று மட்டும் விசாரியுங்கள். ஜூன் முதல் வாரத்தில் வகுப்பாசிரியரைப் போய்ப் பார்த்து, மேலே சொன்ன சோதனையை அவள் செய்த நோட்டைக் கையில் கொடுங்கள். எங்கள் பள்ளியில் ஓர் அம்மாள் அப்படி ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். 'எம் பிள்ளைக்கு இது இது வராது சார், மத்ததெல்லாம் வரும்' என்றார். என் பணிக்காலத்தில் ஒரு பிள்ளையைப் பற்றி எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள ஆவணம் அதுதான், மாற்றுச் சான்றிதழ் அதன் பக்கத்தில் நிற்காது.

மகனின் நிலை வேறு, அவனுக்குத்தான் நீங்கள் இப்போது அவசரமாக முடிவெடுக்க வேண்டும். கேரளத்தில் ஒன்று முதல் நான்கு வரை கீழ்நிலைத் தொடக்கப் பள்ளி, ஐந்து முதல் ஏழு வரை மலையில் எல்லோரும் யு.பி. என்று சொல்லும் மேல்நிலைத் தொடக்கப் பள்ளி, எட்டாம் வகுப்பு உயர்நிலைப் பள்ளியில் தொடங்கிவிடும். நம்மிடம் நடுநிலைப் பள்ளி எட்டில் முடிகிறது. இந்த ஒரு வகுப்பு வேறுபாட்டினால், தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களிலிருந்து ஏழாம் வகுப்பை முடித்துக் கீழே இறங்கும் பிள்ளைகள் பலர் உள்ளூர் நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் சேர்க்கப்பட்டு, மறு ஆண்டே மீண்டும் சான்றிதழ் வாங்கிக்கொண்டு உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். இரண்டு ஆண்டுகளில் மூன்று பள்ளிகள். எந்த ஆசிரியரும் அந்தப் பிள்ளையை முழுதாகப் பார்ப்பதில்லை. ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் வந்து இடையில் நின்றுபோன பையன்களில் இப்படி வந்தவர்களை நான் அடிக்கடி கண்டேன்.

ஆகவே மகனைக் கீழே கொண்டுவருவதானால் நடுநிலைப் பள்ளியில் சேர்க்காதீர்கள், ஆறு முதல் பத்து வரை உள்ள உயர்நிலைப் பள்ளியிலோ மேல்நிலைப் பள்ளியிலோ நேரே எட்டாம் வகுப்பில் சேருங்கள். அதையும் இந்த ஜூனிலேயே செய்யுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவின்படி, வேறு மாநிலத்திலிருந்து வரும் பிள்ளையானாலும் மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்ற காரணத்தால் எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. ஒன்பதாம் வகுப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. குமுளிக்கும் கம்பத்துக்கும் இடையே ஒரு தாளுக்காக மூன்று முறை அலைந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்று தெரியும்.

கேரளப் பள்ளியில் படித்தது வீண் போகாது. மலையிலிருந்து வரும் பிள்ளைகள் வகுப்பில் எழுந்து நின்று பேசத் தயங்குவதில்லை, கணினியைத் தொட்டுப் பழகியிருக்கிறார்கள், விடையைச் சொந்தமாக எழுதிப் பார்க்கும் துணிவு அவர்களுக்குச் சற்று அதிகம் என்பது என் அனுபவம். ஆனால் பாட வரிசை இரு மாநிலத்திலும் ஒன்றாக இல்லை. குறை எண்கள் உள்ளடங்கிய முழுக்கள் பாடம் நம் பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்பிலேயே தொடங்கி ஏழில் விரிகிறது. எட்டாம் வகுப்பு ஆசிரியர் அது தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் மேலே போவார். இரண்டு மாநிலத்தின் ஏழாம் வகுப்புக் கணிதப் புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவன் படித்திராத பாடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மே மாதம் அதற்குப் போதும். ஐந்தாம் வகுப்பிலிருந்து அவன் படித்த இந்தி இங்கே தேர்வுக்கு உதவாது, மறந்துவிடாமல் வைத்துக்கொண்டால் நல்லது.

அவன் மலையிலேயே இருப்பதும் தவறான வழியல்ல, அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் தமிழ்வழி உயர்நிலைப் பள்ளி இருந்தால், எட்டு, ஒன்பது, பத்து மூன்றையும் ஒரே பள்ளியில் முடித்துவிடலாம், மாற்றம் ஒன்றே ஒன்றுதான். அங்கே பத்தாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் தனித்தனியாகவும் இந்தி, தகவல் தொழில்நுட்பம் சேர்ந்தும் பத்துத் தாள்கள் எழுத வேண்டும், இங்கே ஐந்து. கேரளத்தில் எட்டாம் வகுப்பில் 2024-25 முதல் ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் 30 விழுக்காடு வாங்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள், வாங்காதவர்களுக்குக் கூடுதல் வகுப்பு நடத்துகிறார்கள். அதை நான் குறையாக நினைக்கவில்லை. ஆனால் அவன் ஆறும் ஏழும் கேரளத்தில் படித்துவிட்டதால், மகளுக்குச் சொன்ன 7.5 விழுக்காட்டுக் கணக்கில் அவன் ஏற்கெனவே வெளியே நிற்கிறான். அந்த ஒதுக்கீட்டுக்காக அவசரப்பட்டு அவனைக் கீழே இறக்குவதில் பொருள் இல்லை. அவன் தந்தையோடு இருப்பதா, உங்களோடும் அக்காவோடும் இருப்பதா என்பதைத்தான் முதலில் பாருங்கள். அது தெளிவானால் பள்ளி தானாகத் தெளிவாகும். எட்டாம் வகுப்பை மலையில் படித்துவிட்டு ஒன்பதில் கீழே வருவது என்ற நடுவழி மட்டும் வேண்டாம், அதில் சட்டத்தின் பாதுகாப்பும் போகும், பாட வரிசையும் அறுபடும்.

விடுதி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இரண்டு வரி. நம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம், கள்ளர் சீரமைப்பு ஆகிய துறைகளின் விடுதிகள் இருக்கின்றன. காய் எடுப்பு மாதங்களில் வீட்டில் பெரியவர்கள் யாரும் இருக்க முடியாது என்ற நிலை வந்தால் ஜூனிலேயே விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள், அக்டோபரில் போனால் இடம் இருக்காது.